‘டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை’ ஏன் முதல் தடவை பிடிபடுவதில்லை?

நீங்கள் கேட்டது மூன்று கேள்விகள். 2011இல் வந்த ‘டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை’ படத்தைப் பார்த்தேன், பாதி புரியவில்லை, நாவலைச் சரியாகப் படமாக்கவில்லையா? உளவுத்துறைக்குள் இருக்கும் கறுப்பு ஆடு யார் என்று கதை நாயகன் ஸ்மைலி எப்படித்தான் கண்டுபிடித்தார்? இது உண்மையில் நடந்த கதையா? ஆனால் கேள்வியின் தொனியைப் பார்த்தால் உங்களை உறுத்துவது வேறு. ஊரே புகழும் படம் நமக்கு மட்டும் புரியாமல் போனால் குறை நம்மிடம்தானோ என்ற சந்தேகம். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். குறை உங்களிடம் இல்லை. இந்தப் படம் முதல் தடவையிலேயே முழுதாகப் பிடிபடும்படி எடுக்கப்படவில்லை. அப்படி எடுத்தது பாதி சாமர்த்தியம், மீதி உண்மையிலேயே ஒரு பலவீனம். எது எது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். நான் படத்தொகுப்பு மேசையில் பல வருடம் உட்கார்ந்தவன், திரைக்கதை வகுப்பும் எடுக்கிறேன். நாவலைப் படமாக்குவது பற்றிப் பேசும்போது இந்தப் படத்தைத் திரும்பத் திரும்ப வெட்டிப் பார்த்திருக்கிறேன். உளவுத்துறை என் துறை இல்லை. அதனால் கதைக்குப் பின்னால் இருக்கும் வரலாற்றைப் பற்றிச் சொல்லும்போது, எல்லாரும் அறிந்த பதிவுகளைத் தாண்டிப் போக மாட்டேன். படம் பார்க்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள், முடிவு உட்பட எல்லாவற்றையும் உடைக்கப் போகிறேன்.

நாவல் 1974இல் வந்தது. எழுதியவர் ஜான் லெ காரே. அது புனைபெயர், அவருடைய சொந்தப் பெயர் டேவிட் கார்ன்வெல். இந்த நாவலின் கட்டுமானத்தைப் புரிந்துகொண்டால் படத்தின் சிக்கல் பாதி தெளிந்துவிடும். உளவு நாவல் என்றதும் நாம் எதிர்பார்க்கும் துரத்தல், துப்பாக்கி எதுவும் இதில் பெரிதாகக் கிடையாது. கதையில் நடக்கும் முக்கியமான சம்பவங்கள் எல்லாம், கதை தொடங்குவதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டன. வேலையிலிருந்து துரத்தப்பட்ட ஜார்ஜ் ஸ்மைலி என்ற நடுவயது தாண்டிய மனிதர், இரவு முழுக்க ஒரு விடுதி அறையில் கோப்புகளைப் படிக்கிறார். பிறகு ஒவ்வொருவராகத் தேடிப் போய் உட்கார்ந்து பேசுகிறார். அவர்கள் நினைவிலிருந்து சொல்கிறார்கள், அவர் கேட்டுக்கொள்கிறார். நாவல் என்பது கிட்டத்தட்ட அவ்வளவுதான். வாசகனுக்கு அது சுவையாக இருப்பதற்குக் காரணம், ஒருவர் சொல்லும் நினைவும் இன்னொருவர் சொல்லும் நினைவும் எங்கே இடிக்கின்றன என்பதை ஸ்மைலியோடு சேர்ந்து நாமும் தேடுவதுதான்.

இதை இரண்டு மணி ஏழு நிமிடத்தில் எப்படிப் படமாக்குவது? ஆட்கள் உட்கார்ந்து பேசுவதையே காட்டினால் அது நாடகமாகிவிடும். பேச்சைக் காட்டுவதற்கு நேரமும் வேண்டும். 1979இல் பிபிசி இதே நாவலை ஏழு பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடராக எடுத்தது. ஸ்மைலியாக அலெக் கின்னஸ், இயக்கம் ஜான் இர்வின், திரைக்கதை ஆர்தர் ஹாப்கிராஃப்ட். ஐந்து மணி நேரம் அளவுக்கு ஓடும் என்பதால் அங்கே ஆட்கள் நிதானமாகப் பேசலாம், தேநீர் ஆறும்வரை மௌனமாக இருக்கலாம். சினிமாவுக்கு அந்த வசதி கிடையாது. இயக்குநர் தாமஸ் ஆல்ஃபிரட்சன் சுவீடன்காரர், அதற்கு முன் ‘லெட் த ரைட் ஒன் இன்’ எடுத்தவர். திரைக்கதை எழுதியவர்கள் பிரிட்ஜெட் ஓ’கானர், பீட்டர் ஸ்ட்ராகன் தம்பதி. படம் வெளிவருவதற்கு முந்தைய வருடமே ஓ’கானர் புற்றுநோயில் இறந்துவிட்டார், படம் அவருக்குத்தான் அர்ப்பணிக்கப்பட்டிருக்கிறது. இவர்கள் எடுத்த முடிவு துணிச்சலானது. நாவலில் காதால் கேட்டுத் தெரிந்துகொள்வதை எல்லாம் இங்கே கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மாற்றினார்கள். வசனத்தைச் சுருக்கினார்கள் என்று சொல்வது போதாது, தகவலையே வசனத்திலிருந்து பிடுங்கி ஒரு பார்வையில், ஒரு பொருளில், அறையின் ஒரு மூலையில் வைத்தார்கள். ஸ்மைலி வாயைத் திறந்து முதல் வார்த்தை பேசுவதற்கே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்பதைக் கவனித்தீர்களா?

அதனால்தான் கவனித்தும் உங்களுக்குப் புரியவில்லை. நாம் எல்லோரும் முக்கியமான விஷயம் வசனத்தில் வரும் என்று பழகியவர்கள். வசனம் வரும்போது நிமிர்ந்து உட்காருவோம், வராதபோது தளர்ந்துவிடுவோம். இந்தப் படத்தில் அதற்கு நேரெதிராகப் பார்க்க வேண்டும்.

ஒரே ஒரு சாவியைத் தருகிறேன், அடுத்த முறை பார்க்கும்போது பாதி குழப்பம் போய்விடும். மூக்குக்கண்ணாடி. படம் 1973ஐ ஒட்டிய நிகழ்காலத்துக்கும் அதற்கு முந்தைய காலத்துக்கும் அறிவிப்பே இல்லாமல் தாவிக்கொண்டிருக்கும். ‘ஆறு மாதங்களுக்கு முன்’ என்று எழுத்துப் போட மாட்டார்கள், நிறத்தை மாற்ற மாட்டார்கள், திரை மங்காது. ஆனால் வேலை போன பிறகு ஸ்மைலி கண்ணாடிக் கடைக்குப் போய்ப் புதுக் கண்ணாடி வாங்குகிறார் இல்லையா, ஒன்றுமில்லாத காட்சி போல வந்து போகும். அங்கிருந்து நிகழ்காலத்தில் எப்போதும் அந்தப் பெரிய, தடித்த கண்ணாடிதான். பழைய கண்ணாடி போட்டிருந்தால் அது கடந்த காலம். படம் முழுக்க இந்த விதி மாறுவதில்லை. எடிட்டிங்கில் இருப்பவர்களுக்கு இதைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமை வரும். பார்வையாளனுக்குத் தெரியாமலே காலக்குறி வைத்துவிட்டார்கள். ஆனால் குறி அவ்வளவு நாசூக்காக இருப்பதால் பலருக்குத் தெரியாமலே போய்விடுகிறது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, ஸ்மைலி எப்படிக் கண்டுபிடித்தார் என்ற கேள்வி. இதில் பலரும் தடுமாறுவதற்குக் காரணம், ஷெர்லாக் ஹோம்ஸ் பாணியில் தடயம் சேர்த்து ‘நீதான்’ என்று விரல் நீட்டுவார் என்று எதிர்பார்ப்பது. அவர் அப்படிச் செய்வதில்லை. ஆளைக் கண்டுபிடிப்பதற்கு முன் அந்த ஆள் எந்த வழியாகத் தகவலைக் கொடுக்கிறான் என்பதைக் கண்டுபிடிக்கிறார். வழி தெரிந்ததும் அதில் பொறி வைக்கிறார். யார் வந்து விழுகிறாரோ அவர்தான்.

அந்த வழி என்ன என்பதுதான் கதையின் மூளை, படம் அதை மிக வேகமாகக் கடந்துவிடுகிறது. கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். பிரிட்டிஷ் உளவுத்துறைக்குக் கதையில் ‘சர்க்கஸ்’ என்று பெயர், அலுவலகம் லண்டனில் கேம்பிரிட்ஜ் சர்க்கஸ் பகுதியில் இருப்பதால். அதன் பழைய தலைவர் கண்ட்ரோல், மேல்மட்டத்தில் ஒருவன் மாஸ்கோவின் ஆள் என்று சந்தேகிக்கிறார். அதே சமயம் பெர்சி அலலைன் என்ற அதிகாரிக்கு அபாரமான சோவியத் ரகசியங்கள் கிடைக்கத் தொடங்குகின்றன. ‘விட்ச்கிராஃப்ட்’ என்று அந்தத் தகவல்களுக்குப் பெயர், ‘மெர்லின்’ என்று அதைத் தருகிறவருக்குப் பெயர். அலலைன், பில் ஹேடன், ராய் பிளாண்ட், டோபி எஸ்டர்ஹேஸ் நால்வரும் இதைக் கையாளுகிறார்கள். லண்டன் சோவியத் தூதரகத்தில் கலாசார அதிகாரியாக இருக்கும் பாலியகோவ் என்பவன் மூலம் ஒரு ரகசிய வீட்டில் சந்திப்பு நடக்கிறது. நால்வரும் நம்புவது இது: பாலியகோவ் நம் ஆள், அவன் நமக்கு மாஸ்கோ ரகசியம் தருகிறான், அவனுடைய மேலதிகாரிகளுக்குச் சந்தேகம் வராமல் இருக்க நாம் அவனுக்கு உப்புச்சப்பில்லாத சில காகிதங்களைக் கொடுத்தனுப்புகிறோம், அவர்கள் அவனுக்கு லண்டனில் ஓர் ஆள் இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள்.

இப்போது இதைத் தலைகீழாகத் திருப்புங்கள். பாலியகோவ் மாஸ்கோவின் ஆள்தான். அவனுக்கு லண்டனில் ஓர் ஆள் இருக்கிறான் என்பதும் நிஜம்தான். உப்புச்சப்பில்லாத காகிதங்களோடு அசல் ரகசியங்களும் அதே வீட்டில், அதே கையால் போகின்றன. சர்க்கஸே வாடகை கொடுத்து, காவல் போட்டு, துரோகி தன் எஜமானனைச் சந்திக்க வசதி செய்து கொடுத்திருக்கிறது. யாராவது பாலியகோவைச் சந்தேகித்தால், ‘அது ரகசிய நடவடிக்கை, தலையிடாதே’ என்று மேலிடமே வாயை அடைத்துவிடும். ஆய்வுப் பிரிவில் இருந்த கோனி சாக்ஸ், பாலியகோவ் கலாசார அதிகாரி இல்லை, ராணுவத்துக்காரன் என்று கண்டுபிடித்ததற்குக் கிடைத்த பரிசு வேலைநீக்கம். அப்படியானால் மாஸ்கோ ஏன் நல்ல ரகசியங்களை வாரிக் கொடுக்க வேண்டும்? ஏனென்றால் தூண்டில் லண்டனுக்கு இல்லை. அந்தத் தகவல்களைக் காட்டி பிரிட்டன் அமெரிக்க உளவுத்துறையோடு பண்டமாற்று செய்யும், அமெரிக்க ரகசியங்கள் சர்க்கஸுக்கு வரும், அங்கிருந்து மாஸ்கோவுக்குப் போகும். கார்லா என்ற மாஸ்கோ உளவுத் தலைவனின் குறி அதுதான்.

இதைப் பிடித்த பிறகு ஸ்மைலிக்கு ஆள் யார் என்று யூகிக்க வேண்டிய அவசியமே இல்லை. டோபியை மிரட்டி அந்த வீட்டின் முகவரியை வாங்குகிறார். பாரிஸில் ரிக்கி டார் என்ற சர்க்கஸ் உளவாளியை வைத்து, ‘உயிர் போகிற தகவல் இருக்கிறது’ என்று லண்டனுக்கு ஒரு தந்தி அடிக்கவைக்கிறார். துரோகி பதறிப்போய் பாலியகோவை அவசரமாகச் சந்திக்க வந்துதான் ஆக வேண்டும். வீட்டுக்குள் இருட்டில் உட்கார்ந்து காத்திருக்கிறார். வருகிறவன் ஹேடன்.

இதற்கு முன்பே ஹேடனைக் காட்டிக்கொடுக்கும் ஒரு துப்பு படத்தில் இருக்கிறது, பெரும்பாலானோர் தவறவிடுவது அதைத்தான். கண்ட்ரோல் ரகசியப் பணிக்கு வெளிநாடு அனுப்பிய ஜிம் பிரிடோ என்ற உளவாளி சுடப்பட்ட இரவு, செய்தி வந்த கொஞ்ச நேரத்திலேயே ஹேடன் அலுவலகத்துக்குள் நுழைகிறான், தான் இருந்த கிளப்பில் செய்தி பார்த்ததாகச் சொல்கிறான். இரவுப் பணியில் இருந்த வெஸ்டர்பி அதற்கு முன் ஸ்மைலியின் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்திருக்கிறான், ஸ்மைலி ஊரில் இல்லை, மனைவி ஆன்தான் இருந்தாள். ஹேடனுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்தால் ஸ்மைலிக்கு உடனே ஒரு விடை கிடைத்துவிடுகிறது: அந்த நேரத்தில் அவன் என் மனைவியோடு இருந்திருக்கிறான். அந்த விடை வலிக்கிறது, ஆனால் நாட்டுத் துரோகம் என்ற இன்னொரு விளக்கத்தைத் தேடவிடாமல் செய்துவிடுகிறது. கடைசியில் ஹேடனே சொல்கிறான், ஆனோடு உறவு வைத்துக்கொள்ளச் சொன்னது கார்லாதான் என்று. ஸ்மைலி என்றைக்காவது ஹேடனைச் சந்தேகித்தால், அது மனைவியைப் பறிகொடுத்தவனின் பொறாமை என்று மற்றவர்களுக்குத் தோன்ற வேண்டும், ஸ்மைலிக்கே தோன்ற வேண்டும். இந்த நாவலில் லெ காரே செய்த மிகக் கொடூரமான காரியம் இது என்பேன். ஒரு மனிதனின் நேர்மையையே அவன் கண்ணைக் கட்டும் துணியாக்கிவிட்டார்.

இனி நாவலுக்கும் படத்துக்கும் உள்ள வித்தியாசங்கள். இடங்களை மாற்றியிருக்கிறார்கள். நாவலில் பிரிடோ சுடப்படுவது செக்கோஸ்லோவாகியாவில், பிர்னோ பக்கம், இரவில். படத்தில் புடாபெஸ்ட், பட்டப்பகல், ஒரு காபிக் கடை. டார் இரினா என்ற சோவியத் பெண்ணைச் சந்திப்பது நாவலில் ஹாங்காங், பிபிசி தொடரில் லிஸ்பன், படத்தில் இஸ்தான்புல். இந்த மாற்றங்களால் கதைக்கு ஒரு கேடும் இல்லை. புடாபெஸ்ட் காட்சியைப் பார்த்தால் ஆதாயம் என்றுகூடச் சொல்வேன். பரிமாறுகிறவனின் நெற்றியிலிருந்து ஒரு வியர்வைச் சொட்டு மேசையில் விழுகிறது. ஏதோ சரியில்லை என்று பிரிடோவுக்கும் நமக்கும் ஒரே நொடியில் தெரிகிறது. நாவலில் இது வெகு நேரம் கழித்து, பிரிடோ வாயால் கேட்கும் கதை. படம் அதை எடுத்து முதல் சில நிமிடங்களிலேயே வைத்துவிட்டது. நாவல் தொடங்குவது வேறு இடத்தில், ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு பிரிடோ தன் இழுவை வண்டி வீட்டோடு வந்து சேர்வதை பில் ரோச் என்ற தனிமையான சிறுவன் பார்த்துக்கொண்டிருப்பதில்.

பாத்திரங்களை இணைத்திருக்கிறார்கள். அந்த இரவுப் பணியில் இருந்தவர் நாவலில் சாம் காலின்ஸ் என்பவர், ஜெரி வெஸ்டர்பி ஒரு பத்திரிகைக்காரர். இருவர் வேலையையும் படத்தில் வெஸ்டர்பி ஒருவனே செய்கிறான். இதெல்லாம் எந்தத் திரைக்கதைக்காரரும் செய்வது, இதற்குக் கோபப்பட வேண்டியதில்லை.

ஸ்மைலிக்குத் துணையாக வேலை செய்யும் பீட்டர் கில்லமை மாற்றியதுதான் விவாதத்துக்குரியது. நாவலில் அவனுக்கு ஒரு காதலி உண்டு. படத்தில் அவன் ஓரினச்சேர்க்கையாளன். ‘உன்னைக் கண்காணிப்பார்கள், ஒழுங்குபடுத்த வேண்டியது ஏதாவது இருந்தால் இப்போதே செய்துகொள்’ என்ற பொருளில் ஸ்மைலி எச்சரிக்கிறார். அடுத்து அவன் தன்னோடு வாழும் ஆணை வீட்டைவிட்டு அனுப்புகிறான், தனியாக உட்கார்ந்து அழுகிறான். நிமிடக் கணக்கில் பார்த்தால் ஒன்றுமே இல்லாத காட்சி. இங்கிலாந்தில் 1967இலேயே சட்டம் தளர்ந்திருந்தாலும், வெளியுறவு, உளவுப் பணிகளில் இருந்த தடை 1991 வரை நீங்கவில்லை என்பது தெரிந்தால் அதன் கனம் புரியும். நாட்டுக்கு உண்மையாக இருக்கிறவன் தன் வீட்டில் இருப்பவரிடம் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. நாவல் இருநூறு பக்கத்தில் கட்டும் ஒரு விஷயத்தை இந்தக் காட்சி ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறது. நாவலின் தீவிர ரசிகர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. என் கட்சி திரைக்கதையின் பக்கம்.

நாவலில் இல்லாத ஒரு பெரிய சேர்க்கை, அலுவலகக் கிறிஸ்துமஸ் விருந்து. லெனின் முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா வருகிறார், எல்லோரும் எழுந்து சோவியத் தேசிய கீதம் பாடுகிறார்கள். கூட்டத்தில் ஒரு வயதான மனிதர் உற்சாகமாக எழுந்து பாடுவார், அவர்தான் லெ காரே. படத்தின் நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவரும்கூட. இந்த விருந்து படத்தில் பல முறை திரும்பி வருகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு பார்வை கூடுதலாகத் தெரியும். ஒரு முறை ஸ்மைலி ஜன்னல் வழியாக ஆனையும் ஹேடனையும் பார்க்கிறார். இன்னொரு முறை பிரிடோவும் ஹேடனும் கூட்டத்துக்கு நடுவே ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். கோப்புகளில் தேடுவதை நாவலில் ஸ்மைலி செய்கிறார் அல்லவா, அதே தேடலைப் படம் இந்த விருந்துக்குள் வைத்து நம்மைச் செய்யச் சொல்கிறது.

இன்னொரு காட்சியைச் சொல்லாமல் விட முடியாது. பல வருடங்களுக்கு முன் டெல்லிச் சிறையில் கார்லாவைச் சந்தித்ததை ஸ்மைலி கில்லமிடம் சொல்லும் இடம். இத்தனை ஃப்ளாஷ்பேக் இருக்கிற படத்தில், எந்த இயக்குநரும் கட்டாயம் ஃப்ளாஷ்பேக் போட ஆசைப்படுகிற இடம் இதுதான். வெயில், சிறை, எதிரியின் முகம், எல்லாம் தயாராக இருக்கிறது. ஆல்ஃபிரட்சன் மறுத்துவிட்டார். ஸ்மைலியாக நடிக்கும் கேரி ஓல்ட்மேன் கொஞ்சம் மது அருந்திய நிலையில், எதிரே இருக்கும் காலி நாற்காலியைப் பார்த்துப் பேசத் தொடங்குகிறார், பேசப் பேச அந்த நாற்காலியில் கார்லா உட்கார்ந்திருப்பது போலவே ஆகிவிடுகிறது. ஆன் பரிசளித்த சிகரெட் லைட்டரை எடுத்துக்கொண்டு போனவன் அவன். படம் முழுக்கக் கார்லாவின் முகத்தை நாம் பார்ப்பதே இல்லை, ஆனின் முகமும் தெளிவாகக் கிடைக்காது. ஸ்மைலியைத் தோற்கடிக்கக்கூடிய இரண்டு பேரையும் முகமில்லாமல் விட்டது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் இது என் வாசிப்பு, இயக்குநரின் வாக்குமூலம் இல்லை.

சரி, பலவீனம் என்றேனே. கறுப்பு ஆட்டைத் தேடும் கதையில் மற்ற ஆடுகளையும் நாம் சந்தேகிக்க வேண்டும். நாவல் அந்த வேலையைச் செய்கிறது. பிளாண்டுக்கு ஒரு வர்க்கக் கோபம், டோபிக்கு அங்கீகாரம் தேடும் வெளிநாட்டுக்காரனின் பசி, அலலைனுக்குப் பதவி வெறி, ஒவ்வொருவரும் துரோகியாக இருக்க ஒரு நியாயம் உண்டு. படத்தில் பிளாண்டாக நடித்த சியரன் ஹைண்ட்ஸுக்கு எத்தனை வரி வசனம் என்று யோசித்துப் பாருங்கள். நல்ல நடிகர், சும்மா உட்கார்ந்திருக்கிறார். சதுரங்கக் காய்களில் சந்தேகத்துக்குரியவர்களின் புகைப்படத்தை ஒட்டி வைத்திருப்பது படத்துக்காகச் சேர்த்த நல்ல யோசனை, ஆனால் முகத்தை ஒட்டிவிட்டால் மட்டும் காய் மனிதனாகிவிடாது. போதாததற்கு ஹேடனாக காலின் ஃபெர்த். நால்வரில் பெரிய நட்சத்திரம் யார் என்று பார்த்தாலே விடை தெரிந்துவிடும். ஆகவே துப்பறியும் படம் என்ற கணக்கில் இது பாதிதான் தேறும். அந்தக் கணக்கில் பார்த்து ஏமாந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஹேடன் மாட்டிக்கொண்ட பிறகு வரும் கடைசிப் பகுதிக்காகத்தான் நான் இதை மறுபடி மறுபடி பார்க்கிறேன். நாவலில் ஹேடன் கழுத்து முறிந்து கிடக்கிறான். யார் செய்தது என்று லெ காரே நேரடியாகச் சொல்வதில்லை, பிரிடோதான் என்று வாசகன் புரிந்துகொள்வான். பிறகு கதை பள்ளிக்கூடத்துக்கும் அந்தச் சிறுவனுக்கும் திரும்பி முடிகிறது. படத்தில் பிரிடோ தூரத்திலிருந்து துப்பாக்கியால் சுடுகிறான், அதைக் காட்டுகிறார்கள். ஹேடனின் கண்ணுக்குக் கீழே குண்டு பட்ட இடத்திலிருந்து ரத்தம் கண்ணீர் மாதிரி வழிகிறது, சுட்டவன் கண்ணிலும் நீர். இதோடு ஹூலியோ இக்லேசியாஸ் பாடிய ‘லா மேர்’ ஒலிக்கிறது, விருந்தில் அவர்கள் இருவரும் பார்த்துக்கொண்டது திரும்ப வருகிறது, ஸ்மைலி சர்க்கஸின் தலைமை நாற்காலியில் போய் அமர்கிறார், அந்தப் பாடலின் மேடைப் பதிவில் இருக்கும் கைத்தட்டல் அவருக்கானது போல விழுகிறது. சில நிமிடங்களுக்கு ஒரு வசனமும் கிடையாது. புடாபெஸ்ட் போகும் முன் பிரிடோ ஹேடனைப் பார்க்கப் போயிருந்தான், அதாவது அவனுக்கு உள்ளூரத் தெரிந்தே இருந்தது என்ற விஷயம் இங்கே முழு எடையோடு இறங்கும். இருவரும் காதலர்களா என்று கேட்பீர்கள். படம் அந்தத் திசையில் அழுத்தமாகவே கை காட்டுகிறது, நாவல் இன்னும் கொஞ்சம் மூடி வைக்கிறது. இரண்டுமே ‘ஆம்’ என்று எழுதித் தரவில்லை. அவர்கள் ஒருவரையொருவர் நேசித்தார்கள் என்பது உறுதி, அதற்கு மேல் உங்கள் விருப்பம்.

உண்மைக் கதையா என்பதற்கு வருவோம். சம்பவங்கள் கற்பனை, காயம் நிஜம். லெ காரே 1950களின் பிற்பகுதியிலும் 60களின் தொடக்கத்திலும் பிரிட்டனின் உள்நாட்டு உளவு அமைப்பான எம்ஐ5, வெளிநாட்டு உளவு அமைப்பான எம்ஐ6 இரண்டிலும் வேலை பார்த்தவர், 1964இல் விலகினார். எம்ஐ6இல் உயர் பொறுப்புகள் வகித்த கிம் ஃபில்பி, பல்கலைக்கழகக் காலத்துக்குப் பிறகு சோவியத்துக்காகவே உழைத்தவர். 1940களில் சோவியத் உளவை முறியடிக்கும் பிரிவுக்கே அவரைத் தலைவராக்கினார்கள். 1951இல் அவருடைய கூட்டாளிகள் பர்ஜெஸ், மக்லீன் இருவரும் தப்பி ஓடியபோது அவர்மேல் சந்தேகம் விழுந்தது. ஆனாலும் 1955இல் அமைச்சர் மேக்மில்லன் நாடாளுமன்றத்திலேயே அவருக்கு எதிராக ஆதாரமில்லை என்றார். 1963 ஜனவரியில் பெய்ரூட்டில் பழைய நண்பரும் சக அதிகாரியுமான நிகோலஸ் எலியட் நேரில் போய்க் கேட்ட பிறகு, சில நாட்களில் ஃபில்பி மாஸ்கோவுக்குத் தப்பிவிட்டார். அவர் காட்டிக்கொடுத்த பெயர்களில் தன் பெயரும் இருந்ததாக லெ காரே நம்பினார். 1980களின் பிற்பகுதியில் மாஸ்கோ போனபோது ஃபில்பியைச் சந்திக்க வாய்ப்பு வந்தும் மறுத்துவிட்டார். ஹேடனுக்குப் பின்னால் ஃபில்பி இருக்கிறார் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் ‘ஹேடன் என்றால் ஃபில்பி’ என்று சமன்பாடு போட்டால் இடிக்கும். ஹேடன் ஆக்ஸ்ஃபோர்ட், ஓவியன், மாட்டிக்கொண்டு கொல்லப்படுகிறான். ஃபில்பி கேம்பிரிட்ஜ், தப்பித்து 1988இல் மாஸ்கோவில்தான் இறந்தார். ஸ்மைலிக்கு முன்மாதிரியாக லெ காரே குறிப்பிட்டது இரண்டு பேரை: ஆக்ஸ்ஃபோர்டில் அவருக்கு ஆசிரியராக இருந்த விவியன் கிரீன், எம்ஐ5இல் மூத்த சகாவாக இருந்த ஜான் பிங்கம். கார்லா என்பது கிழக்கு ஜெர்மனியின் உளவுத் தலைவர் மார்கஸ் வோல்ஃப்தான் என்று ஒரு கதை வெகு நாளாகச் சுற்றுகிறது, லெ காரே அதை மறுத்திருக்கிறார். நாவலில் வரும் தொழில்முறைச் சொற்களில் எது நிஜ அலுவலகத்தில் புழங்கியது, எது அவர் உருவாக்கியது என்பதிலும் எச்சரிக்கையாக இருங்கள். நிறையச் சொற்கள் அவருடைய கற்பனை. நாவல் வந்த 1974இல் அப்படி ஒரு துறை இருப்பதையே பிரிட்டிஷ் அரசு வெளிப்படையாக ஒப்புக்கொள்ளவில்லை. எம்ஐ6க்கு நாடாளுமன்றச் சட்டம் வந்ததே 1994இல்தான்.

இனி என்ன செய்யலாம் என்றால், நாவலுக்குப் போகும் முன் படத்தை இன்னொரு தடவை பாருங்கள். யார் என்று தெரிந்துவிட்டதால் இந்த முறை கண்ணாடியையும் விருந்தையும் ஃபெர்த்தின் முகத்தையும் பார்க்க உங்களுக்கு நேரம் கிடைக்கும். அப்புறம் நாவல். முதல் நூறு பக்கம் பெயர்களாலேயே திணறும், ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளத் தயங்காதீர்கள், நானும் அப்படித்தான் படித்தேன். பேச்சை ரசிப்பவர் என்றால் கின்னஸ் தொடரையும் விடாதீர்கள். ஆனால் நாவலும் தொடரும் ஒரே தாளத்தில் போகும், அதனால் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விடுங்கள். ஓல்ட்மேனா கின்னஸா என்ற சண்டையில் நான் இறங்குவதில்லை. கின்னஸின் ஸ்மைலி களைத்துப்போன பேராசிரியர், ஓல்ட்மேனின் ஸ்மைலி காயத்தை மறைத்துக்கொண்டு காத்திருக்கும் வேட்டைக்காரர். இவருக்கு ஆஸ்கரில் சிறந்த நடிகருக்கான முதல் பரிந்துரை கிடைத்ததே இந்தப் படத்துக்குத்தான்.

கதை இத்துடன் முடிவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1977இல் ‘தி ஆனரபிள் ஸ்கூல்பாய்’, 1979இல் ‘ஸ்மைலீஸ் பீப்பிள்’ என்று இரண்டு நாவல்கள் தொடர்கின்றன, கார்லாவுக்கும் ஸ்மைலிக்கும் உள்ள கணக்கு மூன்றாவதில்தான் தீர்கிறது. பிபிசி நடுவில் உள்ளதை விட்டுவிட்டு 1982இல் மூன்றாவதைத் தொடராக எடுத்தது. நீங்களும் அவசரமென்றால் அப்படித் தாண்டலாம், கதை விட்டுப்போகாது. நடு நாவலின் நாயகன் ஜெரி வெஸ்டர்பி. படத்தில் இரவுப் பணியில் இருந்த அந்த ஆளை மனதில் வைத்துக்கொண்டு அதைத் திறந்தால் முதல் அத்தியாயங்களிலேயே குழம்பிவிடுவீர்கள், அவரை மறந்துவிட்டுப் படியுங்கள்.